ஏழு நாடு வேண்டாம், ஒரு ஊர் போதும்



கொஞ்சம் நீளமான பதிவு. காரமும் சற்று இருக்கும். வகுப்பில் என்னைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

'10 நாளில் 7 நாடு' என்ற ஐரோப்பா சுற்றுலா விளம்பரம் ஒன்று நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு மாதமாகச் சுற்றி வருகிறது. ஆளுக்கு மூன்று லட்சத்துக்கு மேல். என் பழைய மாணவர் ஒருவர் அம்மா அப்பாவை அதில் அனுப்புவதற்காக வங்கியில் கடன் வாங்கப் போகிறாராம். மூன்று வருடத் தவணை. தங்கமான பிள்ளை, எண்ணமும் தங்கமானது. "கடன் வாங்காதே தம்பி. ஒரே ஒரு ஊருக்கு அனுப்பு, நிதானமாகப் பார்த்துவிட்டு வரட்டும்" என்று சொன்னேன். அதைக் குழுவிலும் போட்டேன். உடனே வந்த பதில்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: "கையில் காசில்லாமல் ஐரோப்பா போய் என்னத்தைப் பார்ப்பது?"

இரண்டு: "வாழ்க்கையில் ஒரு தடவைதான் போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா?"

மூன்று: "அவ்வளவு தூரம் போய்க் கஞ்சத்தனம் செய்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?"

நானும் என் மனைவியும் 2024 பிப்ரவரியில் ரோம் நகரில் ஆறு இரவு தங்கினோம். முழுக்க ஓய்வூதியப் பணம். அதை வைத்தும், முப்பது வருடம் கரும்பலகையில் ரோமாபுரி வரைபடம் போட்டதை வைத்தும் பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குச் சரித்திரமே பதில் சொல்லும். 1300-ஆம் ஆண்டில் எட்டாம் போனிஃபாஸ் என்ற போப் முதல் புனித ஆண்டை அறிவித்தார். ஐரோப்பாவின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஜனங்கள் ரோமுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் கால்நடையாக வந்த சாதாரண மனிதர்கள். பிறகு அது 25 வருடத்துக்கு ஒருமுறை வரும் வழக்கமாக நிலைத்தது. 1548-இல் ஃபிலிப்போ நேரி என்பவர் ஏழை யாத்ரீகர்களைக் கவனிப்பதற்கென்றே ஒரு சகோதர சபையைத் தொடங்கினார். நடந்து வந்தவர்களின் கால்களைக் கழுவி, சோறு போட்டு, படுக்க இடம் கொடுப்பது அவர்கள் வேலை.

அதற்குப் பின் ஐந்தாம் சிக்ஸ்டஸ். 1585 முதல் 1590 வரை ஐந்தே வருடம் போப்பாக இருந்தவர். பெரிய தேவாலயங்களை இணைக்க நேர்த் தெருக்கள் போட்டார். பழைய பேரரசர்கள் கடல் கடந்து கொண்டுவந்திருந்த எகிப்தியக் கல் தூண்களைத் தூக்கி நிறுத்தினார். 1586-இல் வத்திக்கானில், 1587-இல் சாந்தா மரியா மஜோரே பின்புறம், 1588-இல் லாத்தரானில், 1589-இல் பியாத்சா தெல் போப்போலோவில். ஊர் தெரியாமல் நடந்து வருபவன் தூரத்திலிருந்தே தூணைப் பார்த்து வழி கண்டுகொள்ளலாம். எங்கள் விடுதி சாந்தா மரியா மஜோரே பக்கம் என்பதால், மாலையில் செல்போனில் சார்ஜ் இல்லாதபோது எங்களுக்கும் அந்தத் தூண்தான் வழி காட்டியது.

போப்புகள் தங்கள் பெருமைக்காகவும்தான் இதையெல்லாம் செய்தார்கள். பெயரைக் கல்லில் வெட்டி வைக்க மறக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவும் தூணும் சர்ச்சும் காலால் நடந்து வரும் கூட்டத்துக்காக அமைந்தவை. காசில்லாதவன் அந்த ஊரில் நேற்று முளைத்த அந்நியன் இல்லை. அவன் எழுநூறு வருட விருந்தாளி.

இன்றும் அப்படித்தானா? பெருமளவுக்கு அப்படித்தான். பியாத்சா நவோனாவுக்குப் பக்கத்தில் சாந்த் அகோஸ்தினோ என்று ஒரு சர்ச். நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே ஒரு பலிபீடத்தின் மேல் கரவாஜ்ஜோ 1600-களின் தொடக்கத்தில் வரைந்த மாதா படம் இருக்கிறது. வாசற்படியில் குழந்தையோடு மாதா நிற்கிறாள். எதிரே ஒரு கிழவியும் ஓர் ஆளும் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆளின் உள்ளங்கால்கள் நம்மைப் பார்த்தபடி இருக்கின்றன. நடந்து நடந்து அழுக்கேறிய கால்கள். படம் திறக்கப்பட்டபோது ஜனங்களிடையே பெரிய சலசலப்பு என்று அவருடைய சமகாலத்து ஓவியரும் போட்டியாளருமான பாலியோனே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படம் எந்தப் பீடத்துக்காக வரையப்பட்டதோ அங்கேயே இன்றும் இருக்கிறது. என் மனைவி அதன் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "பழனிக்கு நடந்து போனபோது எங்கப்பா கால் இப்படித்தான் இருந்தது" என்றாள். இதற்கு எந்தச் சுற்றுலா நிறுவனம் எவ்வளவு வசூலிக்கும்?

அங்கிருந்து மூன்று நிமிட நடையில் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி. மத்தேயுவைப் பற்றிய மூன்று கரவாஜ்ஜோ படங்கள். அதுவும் இலவசம். இருட்டாக இருக்கும், பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். சாந்தா மரியா தெல் போப்போலோவில் இன்னும் இரண்டு. சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. புனித பேதுரு பேராலயத்தில் அவருடைய பியெத்தா. ஒன்றுக்கும் டிக்கெட் இல்லை. வேறு ஊராக இருந்தால் இதில் ஒவ்வொன்றையும் வைத்தே ஒரு அருங்காட்சியகம் நடத்திக் காசு பார்த்திருப்பார்கள்.

ஒரே நிபந்தனை நேரம். பல சர்ச்சுகளை மதியம் சாத்திவிட்டுச் சாயங்காலம் திறப்பார்கள். காத்திருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த ஊர் கிடைக்கும். விளம்பரத்துப் பேருந்துக்குக் காத்திருக்க நேரமில்லை.

இப்போது இரண்டாம் கேள்வி. 'எல்லாவற்றையும்' பார்ப்பது. நான் சரித்திர வாத்தியார்தான், ஆனாலும் கழித்தல் தெரியும். பத்து நாளில் போக வர விமானத்துக்கு இரண்டு நாள் போனது. மீதி எட்டு நாளில் ஏழு நாடு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பேருந்தில் ஐந்து ஆறு மணி நேரம். பெட்டி கட்ட, பெட்டி பிரிக்க, சாப்பிட, கழிப்பறைக்கு வரிசையில் நிற்க, போகவே பாதி நாள். அந்த விளம்பரத்தின் சின்ன எழுத்தைப் படித்தேன். ரோமுக்கு ஒரு பகல். கொலோசியம் என்ற வரிக்குப் பக்கத்தில் 'வெளியிலிருந்து காணுதல்'. மூன்று லட்சம் கொடுத்துவிட்டு வெளியிலிருந்து! நாங்கள் போனபோது உள்ளே போக டிக்கெட் 18 யூரோ. அதே டிக்கெட்டில் பழைய ரோமின் மன்றமும் பாலத்தீன் குன்றும் சேர்த்தி.

நாங்களும் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குப் போகவே இல்லை. "சிஸ்டைன் சேப்பலைப் பார்க்காமல் ரோம் போனேன் என்று சொல்லாதீர்கள்" என்று மச்சான் ஒருவர் எழுதியிருக்கிறார். மச்சான், மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். அன்று பலாத்சோ மாசிமோவில் ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்தோம். சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரன். உடைந்த மூக்கு, வீங்கிய காது. காயங்களில் ரத்தம் தெரிய செம்பு பதித்திருக்கிறான் சிற்பி. யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பியிருக்கிறான். கூட்டம் இல்லை. நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தோம். ஏழு நாட்டைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்தவர், எந்தக் கோட்டை எந்த ஊரில் என்று போட்டோவைப் புரட்டித் தேடுகிறார். எனக்கு அந்த வீரனின் முகம் மனப்பாடம்.

மூன்றாவது, கஞ்சத்தனம். கணக்கைப் போட்டுவிடுகிறேன். கன்னியாஸ்திரீகள் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் இரண்டு கட்டில் அறை, காலை உணவோடு, இரவுக்கு 70 யூரோ. ராத்திரி 11 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் வயதுக்கு அது வசதிதான். ஆளுக்கு 35 வீதம் ஆறு இரவுக்கு 210. தங்குபவர் ரோம் நகராட்சிக்குத் தனியாக ஒரு வரி கட்ட வேண்டும்; அது 30. சாப்பாட்டுக்கு நாளைக்கு 15 வீதம் 90. விமான நிலையத்துக்குச் சாதாரண ரயில் 8 யூரோ, போக வர 16. விரைவு ரயில் என்றால் ஒரு வழிக்கே 14 ஆகியிருக்கும். ஊருக்குள் பேருந்து டிக்கெட் ஒன்றரை யூரோ, 100 நிமிடம் செல்லும். பத்து டிக்கெட் 15. கொலோசியம் 18, பாந்தியன் 5. ஆக ஆளுக்கு 384 யூரோ. அன்றைய மதிப்பில் 35,000 ரூபாய்க்குள். விமானம், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு லட்சத்தைச் சுற்றி வந்தது.

பட்டினி கிடந்தீர்களா என்று கேட்காதீர்கள். அங்கே 'பார்' என்றால் காபிக்கடை, பயப்பட வேண்டாம். நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, நாற்காலியில் உட்கார்ந்தால் பல இடங்களில் அதிக விலை. நாங்கள் நின்றோம். பீட்சாவைப் பெரிய தட்டிலிருந்து வெட்டி எடை போட்டு விற்கிறார்கள். தக்காளி மட்டும் தடவியது சைவக்காரர்களுக்குப் பாதுகாப்பு. தண்ணீருக்கு ஒரு காசு செலவில்லை. ஊர் முழுக்க ஏறத்தாழ 2,500 வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள், இரவு பகலாக ஓடும் குடிநீர். குழாய் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் வளைந்து வரும், குனியாமல் குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் வாங்குபவர் அந்த ஊரை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் இரவு, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட ரோமானியப் பாஸ்தா சாப்பிட்டோம். மிளகு! முசிறித் துறையில் மிளகு ஏற்றிய யவனக் கப்பல்களை அகநானூற்றில் படித்தோமே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த ஊர் இதுதான். பேரரசன் தொமித்தியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்த இடத்தின் மேல்தான் பிற்பாடு மாக்சென்தியஸ் மண்டபத்தைக் கட்டினார்கள். அதன் மூன்று பெரும் வளைவுகளைச் சாலையில் நின்றபடி இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பகலில் ஊரைக் கடக்கும் பேருந்தில் இதைச் சொல்ல யாருக்கு நேரம்?

ஆனால் சிக்கனத்துக்கும் ஓசிக்கும் வித்தியாசம் உண்டு. 'நாளைக்கு 20 யூரோவில் ஐரோப்பா' என்று வீடியோ போடும் தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். டிக்கெட் எடுக்காமல் பேருந்தில் ஏறுவது, எடுத்த டிக்கெட்டை இயந்திரத்தில் பதியாமல் விடுவது, பிறர் போட்ட காசில் எரியும் விளக்கில் படம் பார்த்துவிட்டு நழுவுவது எல்லாம் சாமர்த்தியம் இல்லை. ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரக் கூடாது என்று 2019 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள், அபராதமும் உண்டு. சர்ச்சுக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். காசு குறைவாக உள்ள விருந்தாளிக்கு ஒழுக்கம் கூடுதலாக இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. விமானக் கட்டணத்தில் எந்தச் சிக்கனமும் பெரிதாகச் செல்லாது. விசாக் கட்டணம் இப்போது 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ரோமின் கருங்கல் பாவிய தெருக்கள் மூட்டுவலிக்காரரை அழ வைக்கும். நெரிசலான பேருந்தில் பிக்பாக்கெட் உண்டு. தனியாகப் போக உண்மையிலேயே முடியாதவர்கள் ஒரு குழுவோடு போங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்க வைக்கும் குழுவாகப் பாருங்கள்.

என் கோபம் அந்த நிறுவனத்தின் மேல்கூட இல்லை, அது வியாபாரம். வாழ்நாள் முழுக்க உழைத்த ஒரு அம்மாவிடமும் அப்பாவிடமும், "உன்னால் இது தானாக முடியாது, பணம் கட்டினால்தான் உலகம் திறக்கும்" என்று நாமே சொல்கிறோமே, அதன் மேல்தான் கோபம். அரசுப் பள்ளியின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரோம் பாடம் கேட்ட பிள்ளைக்கும் அந்த ஊர் சொந்தம். மூன்று லட்சம் இருந்தால்தான் சொந்தம் என்று ஒருவன் சொல்ல, அதை நாம் நம்பி, நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஆகவே பணம் கட்டும் முன் முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் காலால் நடப்போம்? 'வெளியிலிருந்து' என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது? பேருந்துக்குள் மொத்தம் எத்தனை மணி நேரம்? விடையை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஏழு நாடுதான் வேண்டும் என்றால் போய் வாருங்கள், என் ஆசி உண்டு. ஒரு ஊர் போதும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். தெருத் தெருவாக வழி சொல்கிறேன், கட்டணம் இல்லை.

மறுப்பவர்கள் கீழே தாராளமாகத் திட்டலாம். எழுத்துப் பிழை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்