வேப்பிலை கட்டும் முன்பே...

கம்பைநல்லூர் பக்கம் குழந்தைக்கு அம்மை கண்டால், வாசலில் வேப்பிலை செருகுவார்கள். "யாரும் உள்ளே வராதீர்கள்" என்று அதற்குப் பொருள். நல்ல வழக்கம்தான்.

ஆனால், தட்டம்மை அதுவரை காத்திருப்பது இல்லை. உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். தும்மலில் கிளம்பும் கிருமி, காற்றில் 2 மணி நேரம் வரை இருக்கும். வேப்பிலை கட்டும்போது நோய் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்! நிமோனியா வரலாம். கண் பார்வை போகலாம். உயிரும் போகலாம்.

இதைத் தடுப்பது ஊசி ஒன்றுதான். 9 மாதம் முடிந்ததும் ஓர் ஊசி. 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

2017-ல் தமிழ்நாடு எங்கும் இந்த ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பயந்தார்கள். பயம் யாரைக் காப்பாற்றும்?

100 பிள்ளைகளில் 95 பேராவது 2 ஊசியும் போட்டிருந்தால்தான் நோய் ஊருக்குள் பரவாது. 9 மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு ஊசி கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக்கொள்ளும் ஊசிதான் அதற்குக் காவல்.

1975-ல் பெரியம்மை நம் நாட்டைவிட்டு ஒழிந்தது. வீடு வீடாக அம்மை குத்தித்தான் அதை விரட்டினார்கள்.

தாய்மார்களே! மாரியம்மனைக் கும்பிடுங்கள். இரண்டாவது ஊசியையும் மறக்காதீர்கள்.