சேறு எந்த வழியே வருகிறது

ஐப்பசியின் முதல் பெருமழை கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில், ஆர்.கே.பேட்டை போன்றதோர் ஊரின் சைக்கிள் பட்டறை வாசலில் சிறிது நேரம் நின்று, வந்து சாத்தப்படும் வண்டிகளை வரிசையாகப் பார்ப்பவர்களுக்கு, நம் தொழிலில் நேர்ந்துள்ள ஒரு மாறுதல் பிறர் சொல்லாமலே விளங்கிவிடும். நெசவாளர் ஒருவர் நூல்கட்டு ஏற்றிவரும் பழைய கறுப்பு வண்டியில் முன்னும் பின்னும் இரும்பு மட்கார்டு இருக்கிறது. நெளிந்தும் துருப்பிடித்தும் போயிருந்தாலும், அவருடைய வேட்டியில் சேறு இல்லை. அவருடைய மகன் ஏறிவரும் மவுண்டன் பைக்கிலோ தடித்த டயர், ஷாக்கப்சர் வைத்த ஃபோர்க், ஏழெட்டு கியர் ஆகிய சகல சம்பத்துகளும் இருக்கின்றன. மட்கார்டு என்ற பெயரில் முன்புறம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“என்ன தம்பி, போன வாரந்தானே மட்கார்டு போட்டுக்கொண்டு போனாய்? மூஞ்சியெல்லாம் செம்மண்ணாக இருக்கிறதே!” என்று மேஸ்திரி கேட்க, “அதைத்தான் அண்ணே நானும் கேட்க வந்தேன்” என்று அந்தப் பிள்ளை பதில் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த நமக்கு, இந்த இதழின் ஆசிரியர் உரைக்கு வேறு விஷயம் தேடவேண்டிய சிரமம் இல்லாமற்போயிற்று.

முதலில் வம்ச வரலாற்றைச் சற்றே பார்க்கவேண்டும். மட்கார்டைக் கழற்றி எறிந்ததிலேதான் மவுண்டன் பைக்கின் ஜனனம் தொடங்கிற்று என்றால் அது மிகையன்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில், 1970களில் இளைஞர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட ஷ்வின் கம்பெனியின் கனத்த வண்டிகளைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, மட்கார்டு முதலிய உபரி உறுப்புகளையெல்லாம் அகற்றிவிட்டு, மலைச்சரிவில் விட்டு விளையாடினார்கள். 1976இல் ‘ரீபேக்’ என்ற அவர்களுடைய சரிவுப் பந்தயம் ஆரம்பமாயிற்று. 1981இல் ஸ்பெஷலைஸ்டு கம்பெனி ஸ்டம்ப்ஜம்பரை வெளியிட்டு இந்த வகை வண்டியைப் பெருவாரியான உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1989இல் ராக்‌ஷாக்ஸ் கம்பெனியின் ஷாக்கப்சர் ஃபோர்க்கும் வந்து சேர்ந்தது. அந்தப் பரம்பரையில் வந்த வண்டியை நம் ஊரில் மலையேறுவதற்கு வாங்குபவர்கள் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்துக்கும், தறிக்கூடத்துக்கும், பஸ் நிலையத்துக்கும், கிருத்திகையன்று திருத்தணி அடிவாரத்துக்கும் போய்வரத்தான் அது இங்கே பயன்படுகிறது. வண்டியின் பெயர் மலையைச் சேர்ந்தது. அதன் வாழ்க்கையோ ஏரிக்கரையிலும் தரைப்பாலத்திலும் கழிகிறது. மலைச்சரிவுக்காரனுக்கென்று வார்க்கப்பட்ட மட்கார்டை இந்த வாழ்க்கைக்கு விற்கும்போதுதான் மேற்சொன்ன கேள்வி பட்டறை வாசலில் எழுகிறது.

சேறு எந்த வழியே வருகிறது என்பதை நம்மில் அனுபவசாலிகள்கூட நிதானித்துப் பார்ப்பதில்லை. சீட்டில் அமர்ந்திருப்பவனை நிலையாக வைத்துப் பார்த்தால், முன்சக்கரத்தின் உச்சி முன்னோக்கியும், முன்விளிம்பு கீழ்நோக்கியும், அடிப்பாகம் பின்னோக்கியும், பின்விளிம்பு மேல்நோக்கியும் ஓடுகின்றன. டயரைவிட்டுப் பிரியும் துளி, பிரிந்த இடத்தில் டயர் எந்தத் திசையில் ஓடிக்கொண்டிருந்ததோ அந்தத் திசையிலேயே நேராகப் போகிறது. ஆகவே பின்விளிம்பின் கீழ்க் கால்வட்டத்தில் பிரியும் சேறு பின்னோக்கி வந்து முழங்காலுக்குக் கீழும், பெடலிலும், செயினிலும் படிகிறது. பின்விளிம்பின் மேற் கால்வட்டத்தில் பிரிவதோ மேலெழுந்து முன்னே சென்று, எதிர்காற்றில் வேகம் இழந்து, பின்னால் சீட்டில் வருபவன் முகத்திலேயே விழுகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் டயரிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் துளி, காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரம் எழும்பும். கிளம்பிய இடமே தரையிலிருந்து ஓரடிக்கு மேல் இருப்பதால், அது சரியாக மூக்குமட்டத்துக்கு வந்து சேருகிறது. 10 கிலோமீட்டர் வேகத்தில் அதே துளி 40 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. மெதுவாகப் போகும் நூல்கட்டு வண்டிக்காரருக்கு முகத்தைப் பற்றிய கவலையே இல்லாததற்கும், அவருடைய மகனுக்கு அதுவே பிரதானமான கவலையாக இருப்பதற்கும் காரணம் இதுதான். முன்னவருக்குக் காப்பு வேண்டியது கீழ்க் கால்வட்டத்தில், பின்னவனுக்கு மேற் கால்வட்டத்தில்.

இதை மனத்தில் இருத்திக்கொண்டால் கடையில் தொங்கும் பலவகைகளும் தம்மைத் தாமே பிரித்துக்காட்டும். ஃபோர்க்கின் இரு கால்களையும் இணைக்கும் வளைவில் நாலைந்து கேபிள் டையால் கட்டப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தகடு கண்ணைக் காப்பதற்கென்றே பிறந்தது; அதிலும் வளைவுக்குப் பின்னே நீளும் வால்தான் வேலை செய்கிறதே தவிர, முன்னே துருத்தும் மூக்கு பெரும்பாலும் அலங்காரம். நம் பிள்ளைக்கு விற்கப்பட்ட துண்டில் மூக்கு நீளம், வால் குட்டை. ஃபிரேமின் கீழ்க்குழாயில் ரப்பர் பட்டையால் மாட்டும் பலகை காலுக்கும் பெடல் அச்சுக்கும் ஓரளவு உதவும்; முகத்துக்கு உதவாது. ஃபோர்க்கின் நடுத்தண்டுக்குள் அடியிலிருந்து ஆப்புப்போல் இறுகி நிற்கும் வகையை, 1921ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் ஜெர்மனியின் எஸ்.கே.எஸ். முதலிய கம்பெனிகள் நன்றாகவே செய்கின்றன. ஆனால் இந்த வகை ஃபோர்க்கின் தலையோடு நிற்பது. சக்கரமோ ஷாக்கப்சரின் கீழ்க்கால்களோடு ஏறி இறங்குவது. 100 மில்லிமீட்டர் அமிழும் ஃபோர்க்கில், மட்கார்டு டயருக்கு மேலே அந்த 100 மில்லிமீட்டருக்கும் அதிகமாக விலகியே நிற்கவேண்டும். அந்தச் சந்து வழியே சேறு தாராளமாக வெளியேறும். அதை இறக்கி வைத்துவிட்டோமானால், பெரும்பள்ளத்தில் டயர் மட்கார்டையே கடிக்கும்.

இங்கே ஒரு துர்ச்சம்பவத்தைச் சொல்லாமல் போகமுடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்துப் பிள்ளைக்கு, ஒரு கடையில், பழைய பாணி முழுநீள மட்கார்டைக் கொண்டுவந்து, மேல்முனையை ஃபோர்க்கின் தலையில் திருகி, ஸ்டே கம்பிகளைச் சக்கர அச்சருகே பூட்டிக் கொடுத்தார்கள். நின்ற நிலையில் வண்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதல் தரைப்பாலத்தின் விளிம்பில் ஃபோர்க் அமிழ்ந்தபோது, மேல்முனை இறங்க, கீழ்முனை நகர வழியின்றி, நடுப்பாகம் மடங்கி டயருக்குள் நுழைந்தது. பையன் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுந்தான். மணிக்கட்டோடு போயிற்று. ஷாக்கப்சர் ஃபோர்க்கில் முழுநீள மட்கார்டு போடவே கூடாது என்பது நம் அபிப்பிராயம் அன்று. போடுவதானால் அதன் எல்லாப் பிடிமானங்களும் சக்கரத்தோடு நகரும் கீழ்க்கால்களிலேயே இருக்கவேண்டும். மேலே பாதி, கீழே பாதி என்று பூட்டுவது தொழில் அன்று.

விறைத்த ஃபோர்க்கிலும் அபாயம் இல்லாமலில்லை. வேலிமுள்ளோ குச்சியோ ஒன்று டயரோடு ஏறி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சிக்கினால், ஸ்டே கம்பி வளைந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். பின்சக்கரம் பூட்டினால் வண்டி இழுபட்டு நிற்கும். முன்சக்கரம் பூட்டினால் ஆளே கவிழ்வான். இழுப்பு மிகுந்தால் ஸ்டே கம்பி தானே கழன்றுகொள்ளும்படி ஒரு பிளாஸ்டிக் கொளுவியை வைத்துச் செய்யும் வழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. அந்தக் கொளுவி ஆடுகிறது, சத்தம் போடுகிறது என்று வாடிக்கையாளர் புகார் சொன்னதும், அதை எடுத்துவிட்டு இரும்பு போல்ட்டைப் போட்டு முடுக்கிக் கொடுக்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் செய்வது உபகாரம் அன்று. முன்மட்கார்டு எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதைவிட, வேளை வந்தால் எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறது என்பதே அதன் தராதரம். அந்த வகையில், இழுத்தால் மடங்கவும் அறுந்துபோகவும் கூடிய அந்த மலிவான கேபிள் டைத் தகடு, பளபளக்கும் பல சரக்குகளைவிட உயர்ந்தது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

இடைவெளி விஷயத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பேச்சு உண்டு. மேட்டுநிலச் செம்மண் மணற்பாங்கானது. தெறிக்குமே தவிர ஒட்டிக்கொள்ளாது. ஏரி வண்டல் அப்படியன்று. அம்மப்பள்ளி அணை திறந்து கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து, பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் முழுகி வடிந்தபின் அவற்றின்மேல் படிந்து கிடக்கும் களியும் வண்டலைச் சேர்ந்ததே. டயரோடு ஏறி மட்கார்டின் அடியில் பிடித்து, வெயிலில் செங்கல்லாக இறுகிவிடும். வளைவோடு கட்டும் தகடு சக்கரத்தோடேயே நகர்வதால் அதன் இடைவெளி மாறாது என்பது வாஸ்தவம்; ஆனால் அந்த மாறாத இடைவெளி விரல் நுழையாத அளவாக இருந்தால் களிமண்ணில் அது பிரேக்காகவே ஆகிவிடும். தகட்டின் ஓரம் ஷாக்கப்சரின் மினுமினுக்கும் உள்குழாயை உரசவும் கூடாது. இடையில் அகப்படும் மணல் குழாயைக் கீறிவிட்டால், சீல் போய் எண்ணெய் கசியும். கேபிள் டை அமரும் இடத்தில் முதலில் ஒரு சுற்று டேப் ஒட்டுவதற்கு இரண்டு நிமிஷம் ஆகும், பெயிண்ட் தப்பும்.

நாம் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த மேஸ்திரி ஒரு காலி பிளாஸ்டிக் கேனின் பக்கத்தை வெட்டி, விளக்கின் சூட்டில் வளைத்து, டயரைவிட இருபுறமும் அரைவிரல் அகலமாகவும், வால் ஒரு சாண் நீளமாகவும் வைத்து, சூடான கம்பியால் துளையிட்டுக் கட்டிக்கொடுத்தார். பிறகு தாமும் உதவிப்பையனுமாக ஹேண்டில்பாரின்மேல் சாய்ந்து ஃபோர்க்கை அடிவரை அமிழ்த்தி, தகடு எங்கும் முட்டவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை விட்டார். நம் அங்கத்தினர்கள் இவ்விதம் தாமே வெட்டிப் பயன்படுத்தும் தகடுகளின் அளவையும், வண்டியின் டயர் அளவையும், எந்த மண்ணில் ஓடிற்று என்பதையும் ஒரு கார்டில் எழுதி அனுப்பினால், தை இதழில் படத்தோடு வெளியிட உத்தேசித்திருக்கிறோம்.