மருத்துவக் கல்லூரி சாலை வீடும் திருச்சி வண்டியும்

தஞ்சாவூரில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் மனையில் வந்து நிற்கும். மருத்துவக் கல்லூரி சாலையில் இப்போது சதுர அடி என்ன விலை, நாஞ்சிக்கோட்டை சாலையில் யார் வீடு கட்டுகிறார்கள், பிள்ளையார்பட்டிப் பக்கம் இன்னும் கிடைக்குமா என்று போகும். வாங்கப் போகும் பையனுக்கோ மருமகனுக்கோ வேலை திருச்சியில் இருக்கும். இல்லாவிட்டால் துவாக்குடியில், திருவெறும்பூரில். அதைக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "அதனாலென்ன சார், ஒரு மணி நேர வண்டிதானே?"

இந்த "ஒரு மணி நேர வண்டிதானே" என்ற பேச்சோடுதான் எனக்குச் சண்டை. வேலை திருச்சியில் நிலையாக இருக்கிறது, அங்கே வாடகை கொடுக்கிற சக்தியும் இருக்கிறது என்றால், நல்ல ஏரியா என்பதற்காகத் தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு தினம் போய் வருவது நஷ்டம். அந்த நஷ்டத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது பெரும்பாலும் பெரியவர்களாகிய நாம்தான்.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூதலூரிலிருந்து கட்டட வேலைக்கு விடியற்காலையில் வண்டி ஏறுகிறவருக்கு வேறு வழி கிடையாது. படுக்கையில் கிடக்கும் தாய் தகப்பனை விட்டுப் போக முடியாதவர்களும் இதில் சேரமாட்டார்கள். வழி இருந்தும் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும், தேர்ந்தெடுக்க வைக்கிறவர்களுக்கும்தான் இது.

அந்த ஏரியாக்கள் நல்லவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. நம் ஊர் டெல்டாவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் வயல். தெற்கிலும் மேற்கிலும் வல்லம் வரை செம்மண் மேடு. 1934-ல் திறந்த கல்லணைக் கால்வாயை, நாம் புது ஆறு என்று சொல்வதை, தாண்டினால் ஒரு காலத்தில் வெறும் பொட்டல். 1950-களின் கடைசியில் மருத்துவக் கல்லூரி வந்தது, பிறகு வரிசையாக நகர்கள் வந்தன, 1981-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது. அடைமழையில் கீழே ஊரில் தண்ணீர் தேங்கினாலும் மேட்டில் நிற்காது. டாக்டர் பக்கத்தில், பள்ளிக்கூடம் பக்கத்தில், காற்றும் உண்டு. இத்தனையும் சரி. அந்தக் காற்றை வாங்க, வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். களத்தில் நெல்லை மரக்கால் மரக்காலாக எண்ணிப் போட்ட ஊர் இது. நேரத்தை மட்டும் அளக்காமல் போடுகிறோம். இன்று அளந்து பார்ப்போம்.

ரயில் தூரம் சுமார் 50 கி.மீ. வண்டியில் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்பது உண்மைதான். ஆனால் யாரும் பிளாட்பாரத்தில் குடியிருப்பதில்லை. மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து ஸ்டேஷனுக்கு வர வேண்டும், வண்டியைத் தெளிய வைத்து நிறுத்த வேண்டும், வண்டிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நிற்க வேண்டும், திருச்சி ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. தர்க்கத்துக்காக ஒன்றரை என்றே வைத்துக்கொள்வோம். போக வர மூன்று மணி.

வருஷத்துக்கு 250 வேலை நாள் என்றால் 750 மணி நேரம். முப்பது வருஷ உத்தியோகத்தில் 22,500 மணி நேரம். எட்டு மணி நேரத்தை ஒரு வேலை நாளாகக் கணக்கிட்டால் 2,800 நாளுக்கு மேல் வருகிறது. 250 நாள் ஒரு வருஷம் என்று வகுத்துப் பாருங்கள். பதினோரு வருஷம்! சம்பளமில்லை, பென்ஷனுக்கும் சேராது. அப்படி ஒரு பதினோரு வருஷ உத்தியோகத்தை, "ஒரு மணி நேர வண்டிதானே" என்று பிள்ளைக்குக் கொடுக்கிறோம்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு நாளில் தூக்கத்துக்கு ஏழு, இடைவேளை சேர்த்து அலுவலகத்துக்கு ஒன்பது, குளிக்க சாப்பிட கடைகண்ணிக்கு மூன்று. மிச்சம் ஐந்து. மனைவியோடு பேச, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர, சும்மா திண்ணையில் உட்கார எல்லாவற்றுக்கும் இந்த ஐந்துதான். அதில் மூன்றை வண்டி எடுத்துக்கொள்கிறது. லட்சக்கணக்கில் கொட்டிக் கட்டின வீட்டில் விழித்திருந்து வாழக் கிடைப்பது இரண்டு மணி நேரம்.

ஏட்டுக் கணக்காக இதைச் சொல்லவில்லை. அப்பா கரந்தையில் படுக்கையில் கிடந்த ஏழு வருஷம் நான் சீசன் டிக்கெட்டில் திருச்சிக்குப் போய் வந்தவன். அப்போது மீட்டர் கேஜ். அப்பா காலமான பிறகு திருவெறும்பூரில் வாடகைக்கு வீடு பிடித்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். இரண்டையும் வாழ்ந்து பார்த்ததால் பேசுகிறேன்.

சீசன் வண்டி நட்பைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டுக் கச்சேரி, ஆயுத பூஜைக்குப் பெட்டியில் பொரிகடலை, எல்லாம் எங்களுக்கும் உண்டு. எனக்கு அதைவிட நினைவில் நிற்பது, எதிர் வரிசையில் உட்காரும் பெண்கள். சாயங்கால வண்டியில், சோளகம்பட்டி தாண்டுவதற்குள் மடியில் பேப்பரை விரித்து பீன்ஸ் நறுக்க ஆரம்பிப்பார்கள். ஆலக்குடி வருவதற்குள் கறிகாய் பையில் போய்விடும். பார்க்கிறவர்கள் "என்ன சுறுசுறுப்பு" என்பார்கள். வீட்டுக்குப் போய் நறுக்க நேரமில்லாததால் வண்டியில் நறுக்கினார்கள். காலை நாலரை மணிக்கு எழுந்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி வைத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். தூரத்தின் விலையை ஆண் தூக்கத்தில் கொடுக்கிறான். பெண் அதையும் கொடுத்து, அதற்கு மேலும் கொடுக்கிறாள். "மருமகள் வேலைக்கும் போகிறாள், நம் வீட்டிலேயும் இருக்கிறாள்" என்று பெருமைப்படும் மாமியார்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

இனி எனக்கு வழக்கமாக வரும் பதில்கள்.

"இப்போது இரட்டைப் பாதை, மின்சார ரயில், நாலு வழிச் சாலை வேறு." சந்தோஷம். பாதை இரட்டையானதால் கிராசிங்குக்குக் காத்திருப்பது குறைந்தது. ஸ்டேஷனுக்கு வரும் நேரமும், இறங்கிப் போகும் நேரமும் குறையவில்லை. காரில் போகிறவர் நேரத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அதை டீசலுக்கும் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடிக்கும் கட்டுகிறார்.

"வாடகை தண்டம், சொந்த வீடு சொத்து." சொத்து எங்கேயும் ஓடாது. தஞ்சாவூர் வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துத் திருச்சியில் வாடகை கொடுக்கலாம். சேர்க்கிற அந்தக் கொஞ்சம்தான் மாதம் அறுபதுக்கு மேற்பட்ட மணி நேரத்தின் விலை. அதைவிடச் சல்லிசாக நேரம் எங்கே கிடைக்கும்?

"பழகிப் போய்விடும்." இதற்குச் சுவிட்சர்லாந்துக்காரர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். ஜூரிச் பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர்கள் அலோய்ஸ் ஸ்டட்சரும் புருனோ ஃப்ரேயும் 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் வருஷா வருஷம் அதே குடும்பங்களிடம் எடுக்கும் கணக்கெடுப்பை வைத்து எழுதியது. தூரம் போகிறவனுக்கு நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ ஈடு கட்டியிருக்க வேண்டும் என்பது பொருளாதாரப் பாடம். அவர்கள் பார்த்ததில் ஈடு கட்டவில்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருந்தது. வீட்டின் அழகு நாலு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது, வண்டிக் கூட்டம் பழகுவதில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வேலை கொடுத்தவர்களுக்கு ஒரு காலத்தில் இந்த விஷயம் தெரிந்திருந்தது. தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை 1920-களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியபோது, பக்கத்திலேயே மரமும் தெருவுமாக ஒரு காலனியைக் கட்டியது. 1960-களில் திருவெறும்பூரில் பெல் வந்தபோது கைலாசபுரம் குடியிருப்பும் கூடவே வந்தது. சங்கு ஊதினால் சைக்கிளில் போய்ச் சேரும் தூரம். குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் கிடைக்காத காலம் இது, ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குப் பக்கத்தில் குடியிரு என்ற புத்திக்கு குவார்ட்டர்ஸ் தேவையில்லையே.

நம் தாத்தாக்களுக்கும் தெரியும். "நடந்து போய் மடை பார்க்க முடியாத நிலம் நமக்கு வேண்டாம்" என்பார் என் தாத்தா. எவ்வளவு மலிவாக வந்தாலும் தூரத்து நிலத்தை வாங்கமாட்டார். அவர் பேரப்பிள்ளைகள் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உழுதுவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறார்கள்.

கடைசியாக, யாரும் வெளியே சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. காற்று, தண்ணீர், ஏரியா, சொத்து எல்லாம் சொல்லிவிட்டு, உள்ளுக்குள் நாம் நினைப்பது: பிள்ளை கண்ணெதிரே இருக்க வேண்டும், ராத்திரி நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆள் வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அதைப் பயம் என்றே சொல்லுவோம். பிள்ளையின் நன்மை என்று பெயர் வைக்க வேண்டாம். காலை ஆறரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருகிறவன், நம் கண்ணெதிரே இருப்பதாகச் சொல்வதே வேடிக்கை.

என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் திருச்சியில் வேலை. அங்கேதான் குடியிருக்கிறார்கள். "இத்தனை பெரிய வீட்டை வைத்துக்கொண்டு பெண்ணை வாடகை வீட்டில் விட்டிருக்கிறாயே" என்று உறவில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதில் குடியிருக்கும் தம்பியின் நம்பர் என் போனில் முதல் எண். பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் மத்தியான வண்டியில் நானும் வீட்டுக்காரியும் கிளம்பிவிடுகிறோம். அந்த நேரத்தில் கூட்டமிருக்காது. ஜன்னலோரம் கிடைக்கும். நேரம் நிறைய இருப்பது நம்மிடம்தான். வண்டியில் செலவழிக்க வேண்டியதும் நாம்தான்.