நல்ல நினைவுடனும் பிறர் தூண்டுதலின்றியும்

நம் ஊர்ப் பத்திரங்களில் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறும். உயிலாகட்டும், தான செட்டில்மெண்டாகட்டும், எழுதிக்கொடுப்பவர் 'நல்ல நினைவுடனும், திடமான மனதுடனும், பிறர் தூண்டுதலின்றியும்' எழுதிக்கொடுப்பதாக அது சொல்லும். பத்திர எழுத்தர் அதை யோசித்து எழுதுவதில்லை. அவருடைய கணினியில் அது முன்பே தயாராக இருக்கிறது. கையெழுத்துப் போடுபவரும் படிப்பதில்லை. ஆனால், வயது முதிர்ந்தவர்கள் எழுதித்தரும் பத்திரங்களில் பொய்யாகிவிட அதிக வாய்ப்புள்ள வாசகம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறதி நோய் முற்றிய தந்தையின் கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் பதிப்பது நம் குடும்பங்களில் பெரும்பாலும் குற்றமாகக் கருதப்படுவதில்லை. 'அவருடைய வைத்தியச் செலவுக்குத்தானே', 'எப்படியும் பிள்ளைகளுக்குத்தானே' என்று இரண்டு சமாதானங்கள் எப்போதும் கைவசம் இருக்கின்றன. அவற்றைச் சொல்பவர்கள் அனைவரும் சொத்தை அபகரிக்க வந்தவர்கள் அல்லர். பலர் இரவு பகலாகப் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள். நாணயமான மனிதர்களே இதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

முதல் கோளாறு சட்டத்தில் இருக்கிறது. 'பவர் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்' என்பது நம்மிடையே பரவலாக உள்ள நம்பிக்கை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. அதன் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். அதாவது, எந்த நாளுக்காக அம்மா மகளுக்குப் பவர் எழுதித் தந்தாரோ, அந்த நாள் வந்ததும் அது செல்லாக் காகிதம். மழைக்காகக் கொடுத்த குடை, முதல் துளி விழுந்ததும் மடங்கிக்கொள்வது போன்றது இது.

பிறகு என்ன வழி? 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநோய் கண்டவரின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றத்தை அணுகுவதற்கு ஓர் அத்தியாயம் இருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பல வகைகளில் மேலானது. தனக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்; தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். ஆனால் சொத்து பற்றிய அத்தியாயம் அதில் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டுமே உரியது. முதுமையில் வரும் மறதி நோய் அப்பட்டியலில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்ற ஏற்பாட்டைத் தருகிறது. அதுவும் ஒருவர் முடிவெடுக்க உடனிருந்து உதவுவதற்கே அதிகம் பொருந்தும். எதையும் உணராத நிலையில் இருப்பவருக்கு எந்த அளவு உதவும் என்பது ஐயமே.

எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றம். சுயநினைவின்றிக் கிடந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, அவருடைய சொத்தைக் கையாள 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தது. முதலில் ஒரு நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட, மேல்முறையீட்டில்தான் அவருக்கு நிவாரணம் கிடைத்தது. நோயாளியைப் பார்த்துக்கொண்டே நீதிமன்றப் படியேறுவது எத்தனை பேருக்கு இயலும்? இந்தியாவில் மறதி நோய் உள்ளவர்கள் சுமார் 88 லட்சம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை குடும்பங்களும் ரிட் மனு போட முடியாது.

பிரிட்டன் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுவிட்டது. மனத்திறன் போன பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரத்தை, 2005ஆம் ஆண்டின் சட்டம் 2007 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரும் 2008இல் இதே போன்ற சட்டத்தை இயற்றி 2010இல் செயல்படுத்தியது. எழுதித்தருபவர் விவரம் புரிந்தே தருகிறார், வற்புறுத்தல் ஏதும் இல்லை என்று குடும்பத்தைச் சேராத ஒருவர் சான்றளிக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் பதிய வேண்டும். இங்கே இப்படி ஒரு சட்டம் வந்தால் மோசடி பெருகும் என்பார்கள். இப்போது நடப்பது என்ன? யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத மைப்பெட்டியைவிட, பதிவும் கண்காணிப்பும் உள்ள பத்திரம் நிச்சயம் பாதுகாப்பானது.

சட்டத்தைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் நம் பங்கை மறைத்ததாகும். ஒரு விஷயத்தில் பழைய சட்டம் நம்மைவிடக் கனிவானது. வழக்கமாகச் சித்த சுவாதீனம் இல்லாதவரும், தெளிவாக இருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்கும் இதையே சொல்கிறது. நோயின் பெயர் மருத்துவர் சீட்டில் ஏறிவிட்டதாலேயே ஒருவர் தன் சொல்லை இழந்துவிடுவதில்லை. காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் இருக்கும் அம்மாவிடம் காலையில் கேட்கலாம். நாமோ முதல் முறை அடுப்பை அணைக்க மறந்த அன்றே, 'அதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று அவரை அஃறிணையாக்கிவிடுகிறோம். பிறகு, உண்மையாகவே ஒன்றும் தெரியாத நிலையில் அவர் விரலைத் தேடிப் போகிறோம்.

வங்கிகளில் ஒரு விதி உண்டு. நோயினால் கையெழுத்திட முடியாதவரின் கட்டைவிரல் ரேகையையோ, அதுவும் இயலாவிட்டால் கால்விரல் ரேகையையோ, இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் ஏற்கலாம். சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். இது கை இயங்காதவருக்கான விதி. மனம் இயங்காதவருக்கானது அல்ல. உடலின் இயலாமையும் மனதின் இயலாமையும் ஒரே மைத்தடத்தைத்தான் விட்டுச்செல்கின்றன என்பது நமக்கு வசதியாகப் போய்விட்டது.

இதில் அதிகம் இழப்பவர்கள் தாய்மார்கள். கணவர் உயில் எழுதாமல் இறந்தபின், தன் பங்கை மகன்களுக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரத்தில், என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்திட்ட பெண்கள் எத்தனை பேர்! நினைவு நன்றாக இருந்த நாளிலேயே அவரை யாரும் கேட்கவில்லை. நினைவு மங்கிய நாளில் கேட்கவில்லை என்பது அதன் தொடர்ச்சிதான்.

ஆகவே, பேச வேண்டிய காலம் ஒன்று இருக்கிறது. அது நாம் நினைப்பதைவிட முன்னதாக வருகிறது. சொத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் 'எப்போது சாவேன் என்று காத்திருக்கிறாயா' என்ற சொல் வருமோ என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். எழுதிக்கொடுத்துவிட்டால் சோறு போடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இரண்டாவது அச்சம் நியாயமானது. பராமரிப்பதாக நிபந்தனையிட்டு எழுதித் தந்த சொத்தை, பராமரிக்காதபோது திரும்பப் பெறலாம் என்று 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்வது அவநம்பிக்கை ஆகாது.

உயில் எழுதுவதானால் இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமல்ல, செய்தால் நல்லது. சாட்சிகள் எழுதுபவரைவிட இளையவர்களாக இருந்தால், பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஆள் இருக்கும். பயனடையப்போகும் பிள்ளை அந்த அறையைவிட்டு விலகி நிற்பது உத்தமம். உயிலால் பயனடைபவர் அதை எழுதுவதில் முன்னின்றால் ஐயம் எழும், அதை நீக்கும் பொறுப்பு அவருடையது என்று வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கும் முன்பே சொல்லிவிட்டது.

இந்தக் காகிதங்களைவிட முக்கியமானது, அவற்றை எழுதுவதற்கு முன் நடக்கும் பேச்சு. எந்த வீட்டில் இருக்க விருப்பம், நகையில் எது யாருக்கு, மூக்கில் குழாய் வைத்து உணவூட்டலாமா கூடாதா என்பதை அவரே சொல்லிக் கேட்டவர்களுக்கு, பின்னால் எடுக்கும் முடிவுகளில் ஒரு நிம்மதி இருக்கும். கேட்காதவர்களுக்கு எஞ்சுவது ஊகம் மட்டுமே.

'பிறர் தூண்டுதலின்றி' என்ற வாசகம் இனியும் எல்லாப் பத்திரங்களிலும் இருக்கும். அதை உண்மையாக்கும் வேலை பத்திர எழுத்தருடையது அல்ல.