கட்டிலருகே ஒரு பிளக் பாயிண்ட்: கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

கப்பல்களில் மின் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சரக்குக் கப்பல்களில் தொடங்கி, கடைசிக் காலத்தில் பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்தேன். பயணிகள் கப்பலுக்குள் கொண்டுவரும் மின்சாதனங்களைப் பற்றி, முக்கியமாக நம் ஊரில் ஸ்பைக் பஸ்டர் என்றும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்றும் சொல்கிறோமே, அதைப் பற்றித் தங்களிடம் பேச வேண்டும். அற்ப விஷயம் என்று தோன்றலாம். நடுக்கடலில் ஒரு அறையில் புகை கிளம்பினால் ஓடிவரத் தீயணைப்பு வண்டி கிடையாது. சமையல்காரரும் அறைப் பணியாளரும் மெஷின் ரூம் ஆட்களும்தான் உடுப்பை மாட்டிக்கொண்டு குழாயைப் பிடிக்க வேண்டும். அந்த உடுப்பை மாட்டியவர்களில் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் கிளம்பியபோது முதலமைச்சரே வந்து கொடியசைத்தார். 2024 செப்டம்பர் 30 அன்று ஒன்றிய அரசு ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கி, 2029க்குள் ஆண்டுக்குப் பத்து லட்சம் கடல்வழிச் சுற்றுலாப் பயணிகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்லது, வரட்டும். ஆனால் வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் கப்பலில் முதன்முறையாகக் கால் வைப்பவர்கள். நெடுந்தூர ரயிலுக்குக் கட்டுவதுபோலத்தான் பெட்டி கட்டுவார்கள். குழந்தைக்குப் பால் காய்ச்ச எலக்ட்ரிக் கெட்டில், சட்டைக்கு அயர்ன் பாக்ஸ், சில வீடுகளில் சின்ன ரைஸ் குக்கர், நான்கு செல்போனையும் ஒன்றாகச் சார்ஜ் போட ஸ்பைக் பஸ்டர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பல் வேறு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

கப்பலேறும் இடத்தில் பெட்டி எக்ஸ்ரேயில் போகும். ஸ்பைக் பஸ்டர் தெரிந்தால் எடுத்து, அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி ஓர் அறையில் போட்டு, இறங்கும் நாளில் திருப்பித் தருவார்கள். ஏன் என்று கேட்டால் “நாட் அலவுட்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காவலரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் யாரும் காரணம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் காரணம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியக்கூடியதுதான். வீட்டுக்கு வரும் இரண்டு கம்பியில் ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரலை டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த் செய்திருப்பார்கள். அதனால் சுவிட்ச் பேஸை மட்டும் வெட்டினால் போதும். பல கப்பல்களில் ஏற்பாடு இப்படி இல்லை. அங்கே எந்தக் கம்பியையும் கப்பலின் இரும்பு உடலோடு நேராகச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். எங்கோ ஒரு கம்பி தோல் உரிந்து இரும்பைத் தொட்டுவிட்டால் உடனே பிரேக்கர் விழுந்து, புயல் நேரத்தில் முக்கியமான ஒரு மோட்டார் நின்றுபோகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. முதல் எர்த் ஃபால்ட்டுக்கு அலாரம் மட்டும் அடிக்கும், மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் தேடிப்போய்ச் சரிசெய்ய வேண்டும்.

இதன் விளைவு, அறையின் பிளக் பாயிண்ட்டில் இரண்டு கம்பியுமே உயிருள்ள கம்பிகள். நம் ஸ்பைக் பஸ்டரின் சுவிட்ச் வெட்டுவது ஒன்றை மட்டும். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது, ஆஃப் ஆகிவிட்டது என்று பயணி நினைப்பார். உள்ளே ஒரு கம்பி இன்னும் கப்பல் உடலுக்கு எதிராக மின்னழுத்தத்தோடு காத்திருக்கும்.

இதைவிட மோசமானது அதனுள் இருக்கும் எம்.ஓ.வி. என்ற வில்லை. மின்னழுத்தம் திடீரென ஏறினால் அதை எர்த்துக்குத் தள்ளிவிட்டு டிவியையும் கம்ப்யூட்டரையும் காப்பது அதன் வேலை. கரையில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இருக்கும் வில்லைக்கு அநேகமாக வேலையே இருக்காது. கப்பலில் இரண்டு பக்க வில்லைகளும் எப்போதும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதே சர்க்யூட்டில் வேறெங்கோ ஒரு கம்பி இரும்பைத் தொட்டுவிட்டால், மற்ற கம்பியின் வில்லைமேல் முழு அழுத்தமும் விழும். அந்தக் கம்பி தொட்டுத் தொட்டு விலகிப் பொறி பறந்தால் அழுத்தம் இன்னும் எகிறும். ஒவ்வொரு அடியிலும் வில்லை கொஞ்சம் பழுதாகும். பழுதாக ஆகக் கசிவு கூடும், கசிவு கூடக் கூடச் சூடேறும், சூடேறினால் மேலும் கசியும். அதைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக் பெட்டி. பெட்டி கிடப்பது கட்டிலுக்கு அடியில், கம்பளத்தின் மேல்.

அப்படிப் போனவற்றை என் பட்டறை மேசையில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அடிப்பக்கம் மட்டும் பழுப்பேறிக் குழிந்திருக்கும். திறந்தால் கருகிய நாற்றம். காசு அளவு வில்லை இரண்டாகப் பிளந்து, அதைப் பிடித்திருந்த ஈயம் உருகிப் பக்கத்துப் பித்தளைத் தகட்டில் துளித்துளியாக உறைந்திருக்கும். அந்தத் துளிகளைப் பார்த்த எவரும் இதை அற்ப விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இலேயே இதற்கென்று ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. கரைக்காகச் செய்த சர்ஜ் புரொடெக்டர் கப்பலில் ஏன் ஆபத்து என்று அதில் விளக்கமாகச் சொன்னது. ராயல் கரீபியன் நிறுவனம் 2024 செப்டம்பரில் பல பிளக்குகள் கொண்ட பெட்டிகளையே தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே தடை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. தடை சரி. தடையோடு நிறுத்திவிடுவதுதான் தவறு.

காரணம் தெரியாதவர் பொருளை ஒளித்துவைப்பார். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு நள்ளிரவில் எர்த் ஃபால்ட் அலாரம் அடித்தது. பிரேக்கர் பிரேக்கராக நிறுத்திப் பார்த்து, கடைசியில் ஓர் அறை வாசலில் போய் நின்றோம். கதவைத் தட்டியதும் உள்ளே சலசலப்பு. போய்ப் பார்த்தால், அப்போதுதான் கொதித்த கெட்டிலை ஈரத்தோடு துணி அலமாரிக்குள் வைத்துச் சாத்தியிருந்தார்கள். சுற்றிலும் பட்டுப்புடவைகள். மேசைமேல் வெளிப்படையாக இருந்திருந்தால் அந்தக் கெட்டிலால் இவ்வளவு ஆபத்து இல்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெரியவருக்கு மாத்திரை போட வெந்நீர் வேண்டும், உணவுக்கூடமோ பல தளங்களுக்கு மேலே. நம் வீட்டுப் பெரியவர்கள் பச்சைத் தண்ணீரில் மாத்திரை போட மாட்டார்கள் என்பது அந்தக் கப்பலை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொரு பயணம் சிங்கப்பூரிலிருந்து. நெல்லைப் பக்கத்து அம்மா ஒருவர் மகளோடு வந்திருந்தார். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கு சி-பாப் மெஷின் வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மெஷினை உள்ளே விட்டுவிட்டார்கள், அதற்கான ஸ்பைக் பஸ்டரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அறையில் பிளக் பாயிண்ட் இருந்தது கண்ணாடி மேசையருகே மட்டும். கட்டில் மறு சுவரில். மெஷினின் ஒயர் எட்டவில்லை. முதல் இரவு அந்த அம்மா மேசையோரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முகத்தில் மாஸ்க்கோடு, தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கியிருக்கிறார். மறுநாள் விளக்கு ரிப்பேருக்குப் போனபோது தமிழ் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, எங்கள திருடங்க மாதிரி பாத்தாங்கப்பா. நான் மூச்சு விடத்தான கேட்டேன்” என்றார்.

பட்டறையிலிருந்து கப்பலுக்கேற்ற ஒயர் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அப்படிப்பட்ட ஒயர்கள் கப்பலில் இருந்தன. முன்கூட்டிக் கேட்டால் கொடுப்பார்கள் என்ற விதியும் இருந்தது. அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட்டுக்கே தெரியாது.

ஐயா, கப்பல் பாதுகாப்பின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. 2006 மார்ச் 23 விடியற்காலையில் ஜமைக்காவுக்கு அருகே ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் பால்கனிகளில் தீப் பிடித்தது. ஒரு பயணி இறந்தார். யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட்டிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. சிகரெட் பிடித்தவரைத் திட்டுவதோடு விசாரித்தவர்கள் நிறுத்தவில்லை. தீயைப் பால்கனி பால்கனியாகத் தாவவிட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளையும் தடுப்புகளையும் பார்த்தார்கள். பால்கனிகளுக்கான புதிய சர்வதேச விதிகள் 2008 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. அதற்கும் முன்னால், 1965இல் மயாமியிலிருந்து நசாவுக்குப் போன ‘யார்மவுத் காசில்’ எரிந்து 90 பேர் மாண்டபோதும் இப்படித்தான். அங்கே தீ கிளம்பியது ஆள் தங்காத, தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த ஓர் அறையில். அந்தப் பாடத்தால் எரியாத பொருளில் கப்பல் கட்டும் விதி இறுகியது. பயணியின் கையைப் பிடிப்பதோடு நில்லாமல் கப்பலையும் மாற்றிய துறை நம்முடையது. பிளக் பாயிண்ட் விஷயத்தில் மட்டும் பயணியின் கையைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

தங்களிடம் நான் கேட்பது இது. இந்தியத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றும் எந்தக் கப்பலும், என்ன கொண்டுவரலாம், எது கூடாது, ஏன் கூடாது என்பதை டிக்கெட் பதிவு செய்யும் நேரத்திலேயே பயணியின் மொழியில் சொல்ல வேண்டும் என்று ஒரு கப்பல் துறை அறிவிப்பு வெளியிடுங்கள். சென்னையில் ஏறுபவருக்குத் தமிழில். கப்பல் வாசலில் சொல்வது காலங்கடந்தது, பெட்டி ஏற்கெனவே கட்டியாயிற்று. வாங்கி வைக்கும் பொருளுக்கு மாற்றாக, சர்ஜ் வில்லை இல்லாத, இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச் உள்ள, கப்பல் மின் அலுவலர் சோதித்துச் சீட்டு ஒட்டிய பெட்டிகளைக் கப்பலே வைத்திருந்து காசு வாங்காமல் கொடுக்கட்டும். யுஎஸ்பி சார்ஜர்களும் அப்படியே. ஒவ்வொரு தளத்திலும் வெந்நீர் கிடைக்கட்டும். அது கிடைத்தால் பாதிக் கெட்டில்கள் வீட்டிலேயே தங்கிவிடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய கன்வெர்ஷன் பிளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மூன்று உருண்டைப் பின் கப்பல் அறையின் ஐரோப்பியத் துளையில் போகாது, அமெரிக்கத் துளையிலும் போகாது. அதனால் எல்லோர் கையிலும் இது இருக்கிறது. பலவற்றில் எர்த் பின்னே கிடையாது. இருப்பதும் தளர்வாக ஆடும். கப்பல் ஓயாமல் அதிரும் இடம், ஆடும் தொடுப்பில் பொறி பறக்கும். நல்ல கன்வெர்ஷன் பிளக்குகளை வரவேற்பு மேசையில் வைத்தால் போதும்.

பயணம் தொடங்கும் முன் நடக்கும் அவசரகால ஒத்திகையில் உயிர்காப்பு உடை மாட்டக் கற்றுத் தருகிறோம். அதில் ஒரு நிமிடம் மின்சாதனத்துக்கு ஒதுக்கலாம். தானாக முன்வந்து ஒப்படைப்பவரைத் திட்டாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் சொகுசுக் கப்பலுக்கு மட்டும் என்று இருந்துவிட வேண்டாம். சென்னையிலிருந்து அந்தமான் போகும் கப்பல்கள் நேரடியாகத் தங்கள் ஆளுகையில் இருப்பவை. அங்கே பங்க் வகுப்பில் மூன்று நாள் பயணம் செய்யும் கூலித் தொழிலாளிக்கும் செல்போனில் சார்ஜ் வேண்டும், வீட்டோடு பேச வேண்டும். ஊழியர் அறைகளையும் பாருங்கள். என் சக ஊழியர்கள் கோபித்தாலும் சொல்கிறேன், பயணிகளின் அறைகளைவிட எங்கள் அறைகள் மோசம். ரைஸ் குக்கரும் தொடர்ச்சியாகச் செருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களும் அங்கேதான் அதிகம். மாதக்கணக்கில் அந்த அறையே வீடாக இருப்பவனுக்கு இரண்டு பிளக் பாயிண்ட் போதாது. இனி நம் தளங்களில் கட்டும் எந்தப் பயணிகள் கப்பலிலும், பயணிக்கானாலும் ஊழியருக்கானாலும், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தே ஆக வேண்டும் என்று வரைபடத்தை அனுமதிக்கும் கட்டத்திலேயே கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒன்றைத்தான் இப்போது செய்ய முடியும் என்றால், சி-பாப் மெஷின் போன்ற மருத்துவக் கருவியோடு வருபவருக்கான ஏற்பாட்டை முதலில் செய்யுங்கள். பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி, அறைக்கு அவர் வந்துசேரும் முன்பே கட்டிலருகே கப்பலின் ஒயர் ஒன்று. இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, தங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும். அதன் தமிழ் வாசகத்தை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் மின் அலுவலர் ஒருவர்,
தூத்துக்குடி