பரிசும் இல்லை, இரவு முழிப்பும் இல்லை



போன கூட்டத்தில் அதிக நேரம் இழுபட்டது வாடகைப் பிரச்சினையோ தேர்தலோ இல்லை. ஒரு சனிக்கிழமை எல்லாரும் கூடியிருந்து சின்னச் சின்னக் கணினி விளையாட்டுகள் செய்வமா எண்டதுதான். "இது எங்கட வேலையோ?" எண்டு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். வாற மாதம் செய்யிறது எண்டு முடிவெடுத்திட்டம். ஏன், எப்படி எண்டு எழுதுற பொறுப்பு என்னட்டை வந்திருக்கு.

கேம் ஜாம் எண்ட வடிவம் புதுசில்லை. லூடம் டேர் 2002 இலும், குளோபல் கேம் ஜாம் 2009 இலும் தொடங்கினவை. ஒரு தலைப்புத் தருவினம், வழக்கமா 48 மணித்தியாலத்துக்குள்ள விளையாட்டை முடிக்கவேணும். அந்த உற்சாகம் எனக்கும் பிடிக்கும். ஆனா நித்திரை இல்லாமல் கோட் எழுதுறதைப் பெருமையாகச் சொல்லுற பழக்கம் பிடிக்காது. விளையாட்டுத் துறையில், வெளியீட்டுக்கு முந்தின மாதங்களில் இரவு பகலாக, பலவேளை மேலதிகச் சம்பளமே இல்லாமல் வேலை வாங்குறதை 'கிரஞ்ச்' எண்டு சொல்லுவினம். 2018 இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான கேம் வர்க்கர்ஸ் யுனைட்டும், அதே வருசக் கடைசியில் இங்கை பிரித்தானியாவில் ஐடபிள்யூஜிபி சங்கத்தின் கிளையாகச் சேர்ந்த தொழிலாளரும் எதிர்க்கிற விசயங்களில் இது முக்கியமானது. அவர்கள் மறுக்கிறதை நாங்கள் பொழுதுபோக்கா எடுத்துச் செய்யேலாது. காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு வீட்டை போவம். முடியாத விளையாட்டு முடியாமலே இருக்கட்டும்.

பரிசும் இல்லை. ஒரு நிறுவனம் சாப்பாடும் பரிசும் தாறம் எண்டு வந்தது. பதிலுக்கு விளையாட்டுகளின் உரிமையும் வாறவர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கேட்டது. வேண்டாம் எண்டிட்டம். அதால மண்டப வாடகை எங்கட தலையில.

கருவியைத் தெரிவு செய்யிறதும் அரசியல்தான். 2023 இல் யூனிட்டி நிறுவனம், ஒரு விளையாட்டு எத்தனை தரம் நிறுவப்படுதோ அதுக்கேற்பக் கட்டணம் எண்டு அறிவிச்சது. எதிர்ப்பு வந்து அடுத்த வருசம் அதைக் கைவிட்டது. அடுத்தவன்ரை காணியில் வீடு கட்டினா என்ன நடக்கும் எண்டதுக்கு வேற உதாரணம் வேண்டாம். நாங்கள் முதலில் எடுக்கிறது ட்வைன். கோட் தெரியாத ஆளும் ஒரு மணித்தியாலத்தில் கிளைபிரியிற கதை ஒண்டு செய்யலாம். பழகினவைக்கு கோடோ. ரெண்டும் இலவசம், திறந்த மூலம்.

தமிழில செய்யப்போறவைக்கு ஒரு விசயம். 'கெ' எண்டு எழுதினா கணினி முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கும். திரையில் கொம்பு முன்னுக்கு வரவேணும். 'கொ' எண்டா ரெண்டு பக்கமும். இந்த இடமாற்றம் தெரியாத மென்பொருளில் கொம்பு தவறான பக்கத்தில் நிக்கும். கோடோ 4, 2023 இல் வந்தபோதுதான் இதைச் சரியாகக் கையாளத் தொடங்கினது. ட்வைன் உலாவியில் ஓடுறதால சிக்கலே இல்லை. எங்கட எழுத்தைக் கணக்கில் எடுக்காமல் கட்டின கருவிகள் இன்னும் எத்தனையோ இருக்கு. தங்கச்சி தம்பிமார் தமிழில் ஒரு விளையாட்டுக்கூடக் காணாமல் வளருறதுக்கு 'ஆர்வமில்லை' எண்ட காரணம் மட்டும் போதாது.

விளையாட்டில் விதிதான் பேசும். எலிசபெத் மேகி 1904 இல் காப்புரிமை பெற்ற 'லாண்ட்லோர்ட்ஸ் கேம்', நில வாடகை எப்படி ஒருவரைப் பணக்காரராக்கி மற்றவர்களை வறியவர்களாக்குது எண்டு காட்டச் செய்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் மொனொபொலி. மேகிக்கு 1935 இல் கிடைச்சது 500 டொலர்.

அதைவிட எனக்குப் பிடிச்சது ஆடுபுலி ஆட்டம். (எங்கட வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேற பாரம் இருக்கு, தெரியும். இது அதுக்கெல்லாம் முந்தின விளையாட்டு.) 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டால ஒண்டையும் வெட்ட ஏலாது. ஆடுகள் வெல்ல ஒரே வழி, சேர்ந்து நிண்டு புலி அசைய இடமில்லாமல் மறிக்கிறது. வாடகை முகவரையும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறவர்களையும் வைச்சு இதே விதியில் ஒரு விளையாட்டு வந்தா, எங்கட துண்டுப்பிரசுரங்களைவிடக் கூடப் பேர் கை வைப்பினம்.

அதுக்காக எல்லாரும் போராட்டத்தையே செய்யவேணும் எண்டில்லை. எங்களிட்டை வெளியாக்கள் எப்பவும் எதிர்பார்க்கிறது போர்க்கதையும் படகுக்கதையும்தான். சொல்ல விருப்பமான ஆள் சொல்லட்டும். ஒருத்தரையும் கேட்டு வாங்க மாட்டம். அம்மம்மா காலை 5 மணிக்கு அனுப்புற வாட்ஸப் பூப்படங்களைத் தப்பி ஓடுற விளையாட்டும் வரலாம். உண்மையைச் சொன்னா, நான் அதைத்தான் செய்யப்போறன்.

மடிக்கணினி இல்லாட்டி இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, 4 மேலதிகமா இருக்கு. சின்னப் பிள்ளையள் உள்ளவை கூட்டிக்கொண்டு வாங்கோ, பக்கத்து அறையில் மாறி மாறிப் பார்ப்பம். அந்த முறையில் ஆண் தோழர்களின் பெயர் முதலில் விழவேணும். சாப்பாடு வீட்டிலிருந்து ஆளுக்கொரு சட்டி. இதுவரை பதிஞ்ச 6 பேரும் கட்லட் கொண்டு வாறம் எண்டு எழுதியிருக்கினம், யாராவது சோறு கொண்டு வாங்கோ.