ஓட்டில்லாதவர்களின் மனு

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுச் சாவடிக்குப் போய்வந்தால் பிரஜையின் கடமை தீர்ந்தது என்று நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறோம். விரலில் வைத்த மை அழிவதற்குள் கடமையும் மறந்து போகிறது. சிவகாசியின் சரித்திரமோ வேறு விதமாயிருக்கிறது. அவ்வூரின் தலைவிதியில் இரண்டு தடவை கை வைத்தவை, ஓட்டே இல்லாத குழந்தைகளுக்காக எழுதப்பட்ட மனுக்கள்.

முதல் மனு 1980-களில் தீப்பெட்டித் தொழிற்சாலைச் சிறுவர்களைப் பற்றி ஸ்ரீ எம். ஸி. மேத்தா என்னும் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் போட்டது. பின்னர் பட்டாசு ஆலை விபத்து ஒன்றில் 39 பேர் மாண்டனர். கோர்ட்டார் தாமாகவே அதைக் கவனித்து, நேரில் பார்த்துவர வக்கீல் கமிட்டி ஒன்றை நியமித்தார்கள். 1996 டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. அபாயத் தொழிலில் சிறுவரை அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு ரூ. 20,000 கட்ட வேண்டும். அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு ஸர்க்கார் வேலை தேடித் தரவேண்டும். இயலாவிட்டால் தன் பங்காக ரூ. 5,000 செலுத்த வேண்டும். பையனை வேலையிலிருந்து நிறுத்தினால் மட்டும் வீட்டில் அடுப்பு எரிந்துவிடாது என்பதைக் கோர்ட்டார் உணர்ந்திருந்தார்களே, அதுதான் இதில் போற்றத் தக்கது.

இரண்டாவது மனு 2015-ல் வந்தது. மனுதாரர் மூவரும் டில்லிக் கைக்குழந்தைகள்! பட்டாசுப் புகையிலிருந்து காக்க வேண்டுமென்று தந்தைமார் மூலம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018 அக்டோபர் 23-ந் தேதி உத்தரவில் சரவெடி போயிற்று, பேரியம் உப்பும் போயிற்று. வெடிக்கும் நேரம் இரவு 8 முதல் 10 வரை என்றும் ஏற்பட்டது. நம்மவர் தீபாவளியோ விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்துடன் பிறப்பது. தமிழ்நாட்டு ஸர்க்கார் மனுச் செய்து கொள்ளவே, அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே வகுத்துக் கொள்ளலாம் என்று ஒரே வாரத்தில் விதி தளர்ந்தது.

பேரியத் தடையால் நவம்பரில் ஆலைகள் கதவடைத்தன. டில்லிக் குழந்தையின் மூச்சுக்கும் சிவகாசித் தொழிலாளியின் சோற்றுக்கும் நடுவே நியாயம் எங்கே நிற்கிறது என்பது சுலபமாய்த் தீரும் கேள்வியல்ல. முதலாளிகளுக்குச் சங்கமுண்டு, வக்கீலுமுண்டு. அலுமினியப் பொடி அப்பிய கையால் மருந்து செலுத்துகிறவருக்காக மனு எழுதுவது யார்? 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் கருகி மாண்டார்கள்.

ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. பக்கத்து ஆலையைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, கண்ட குறை என்ன என்று 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி நாம் கேட்கலாம். வெடிமருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் ரூ. 10, பதிலுக்குக் கெடு 30 நாள். எழுதத் தெரிந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்காகவும் எழுதலாம். பதிலைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் கோரலாம். திங்கட்கிழமை கலெக்டரிடமும் கொடுக்கலாம். ரசீது மட்டும் வாங்கத் தவறக்கூடாது. ரசீதில்லாத மனு காகிதக் குவியலில் சன்னியாசம் வாங்கிக்கொள்ளும்.

தீபாவளி வேலை மும்முரப்படுவது ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில். ஆகவே ஆகஸ்டு 15-ந் தேதிக் கிராம சபையே இதற்கு ஏற்றது. ஜூலை முதல் வாரத்தில் கேள்வியைத் தபாலில் சேர்த்தால், அதற்குள் பதில் கையில் இருக்கும்.